பயறு டப்பா, கறிவேப்பிலைச் செடி, வாசல் கோலம்: சின்னப் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்து பார்க்க

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு இயற்கையைப் பழக்க, கடையில் 'சயின்ஸ் கிட்' வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அடுப்படியில் பயறு டப்பா இருக்கிறது. கொல்லையிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. வாசலில் கோலம் போடுகிறோம், விசேஷத்துக்கு ஆரத்தி கரைக்கிறோம். இவ்வளவும் கையில் இருந்தால் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் வெயில் படும் ஜன்னல் திட்டு ஒன்று இருந்தாலே இதில் பாதியைச் செய்துவிடலாம்.

எதைச் செய்தாலும், செய்வதற்கு முன்னால் "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று பிள்ளையிடம் கேட்டு, அது சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். தன் வாயால் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கத்தான் பிள்ளை மறுநாள் காலையில் எழுந்ததும் ஓடிவரும். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது நம் வேலையாகப் போய்விடும். தண்ணீர் ஊற்றுவதும் நாம், எட்டிப் பார்ப்பதும் நாம் என்று ஆகிவிடும். இன்னொன்று, ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். ஒரே வாரத்தில் ஐந்தைத் தொடங்கினால் ஐந்தும் பாதியில் காய்ந்து நிற்கும்.

முளைக்கிற பயறு, முளைக்காத பருப்பு

தொடங்குவதற்குப் பச்சைப்பயறுதான் சரி. இரண்டாம் நாளே வேர் தெரிந்துவிடும். கொத்தமல்லியில் தொடங்கினால் ஒரு வாரம், பத்து நாள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அதற்குள் அப்படி ஒரு தொட்டி இருப்பதையே மறந்துவிடும். கொத்தமல்லியைப் பிறகு செய்யலாம். அப்போது ஒவ்வொரு விதையையும் சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாக உடைத்துப் போடச் சொல்லுங்கள். நாம் ஒரு விதை என்று நினைப்பது உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதை இருக்கிறது.

பச்சைப்பயறுக்கு வேண்டியது நேரான கண்ணாடி டம்ளர் ஒன்று, பழைய தினத்தாள் ஒன்று, பயறு பத்து. இரவு படுக்கும்போது பயறை ஊறப் போட்டால் காலையில் எட்டு மணி நேரம் ஆகியிருக்கும், போதும். தினத்தாளை டம்ளர் உயரத்துக்கு மூன்று நான்கு மடிப்பாக மடித்துச் சுருட்டி, கண்ணாடியை ஒட்டி உள்ளே விடுங்கள். நடுவில் கசக்கிய தாளைத் திணித்தால் சுருள் விலகாமல் நிற்கும். தாள் முழுவதும் ஈரமாகும்படி தண்ணீர் தெளித்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் பயறுகளைச் செருகவேண்டும். அடியிலிருந்து மூன்று விரற்கடை உயரம், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி. அடியில் அரை விரற்கடை தண்ணீர் நின்றால் தாள் தானே மேலே உறிஞ்சிக்கொள்ளும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால். பிள்ளைகளுக்கு ஊற்றுவது பிடிக்கும். பயறு மூழ்கிவிட்டால் அதற்குக் காற்று கிடைக்காது, இரண்டாம் நாள் புளித்த வாடை வரும், மேலே வழவழவென்று படலம் கட்டும். அதனால் பிள்ளையின் கையில் டம்ளரைக் கொடுக்காமல் மருந்து புகட்டும் நிரப்பியைக் கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துச் சொட்டு என்று எண்ணி ஊற்றினால் எண்ணும் பழகும். வெயில் காலத்தில் தாள் மத்தியானமே காய்ந்துவிடும், அப்போது காலை மாலை இரண்டு வேளை. டம்ளரை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குள் சூடேறி முளை வெந்துவிடும். விதைக் கடையில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதை கொடுத்தால் அது பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியது. பிள்ளை கையில் படவே கூடாது. சமையலுக்கு வாங்கிய பயறே நல்லது.

நான்காம் நாள் வேர் கீழேயும் தண்டு மேலேயும் போயிருக்கும். அப்போது டம்ளரிலிருந்து நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். தாளில் ஈரம் இருக்கவேண்டும். மறுநாள் காலையில் வேர் நுனி வளைந்து மறுபடி தரையைப் பார்க்கும், தண்டு கூரையைப் பார்க்கும். எந்தப் பக்கம் கீழ் என்று இருட்டுக்குள் புதைந்த விதைக்கும் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழி இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் பயறுக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்து செடி சோர்ந்துபோகும். அதற்கு முன்பே மண்ணில் நட்டுவிடுங்கள்.

இது முடிந்ததும் அடுத்தது பருப்பு. முழுப் பயறு பத்து, உடைத்த பாசிப்பருப்பு பத்து. இரண்டையும் ஒரே மாதிரி ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டும் முளைக்கும் என்றுதான் சொல்லும். பருப்பு முளைக்காது, ஊறி உப்பி அழுகும். ஏன் என்று வாயால் விளக்குவதற்குப் பதிலாக, இரவு முழுக்க ஊறிய மொச்சை ஒன்றை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். தோலை நகத்தால் கிள்ளி உரித்து, இரண்டு பாதியையும் மெதுவாகப் பிரித்தால், ஒரு பாதியின் ஓரத்தில் சின்னதாக வளைந்த முளை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கூரான வேர், மறுபக்கம் மடித்து வைத்த இரண்டு வெள்ளை இலை, நரம்புகூடத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கண்ணுக்கே தெரியும். பருப்பு உடைக்கும்போது உதிர்ந்துபோவது இந்த முளைதான். மிச்சமிருப்பது அதற்கான சோறு. வேர்க்கடலையை இரண்டாகப் பிரித்தால் மூக்கு மாதிரி ஒன்று நிற்குமே, அதுவும் இதுதான். இதைப் பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு கடலை தின்னும்போதெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்னும்.

தட்டைப்பயறையும் கொண்டைக்கடலையையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் இன்னொரு வேடிக்கை. தட்டைப்பயறு தன் இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். கொண்டைக்கடலை அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு இலையை மட்டும் மேலே அனுப்பும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும், நாம் சொல்லாமல் இருந்தால். கொண்டைக்கடலை பழைய சரக்காக இருந்தால் முளைப்பு குறையும். பத்துப் போட்டால் நான்காவது வரட்டும் என்று போடுங்கள்.

வெளிச்சமும் இருட்டும் செடியை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரி வெளிறிய மஞ்சளாக, உயரமாக, ஒரே சீராக நிற்கக் காரணம், அதை இருட்டு அறையில் வைத்து வளர்ப்பதுதான். வீட்டில் இதையே இரண்டு கொட்டாங்கச்சியில் செய்யலாம். அடியில் ஆணியால் ஒரு ஓட்டை, முக்கால் அளவு மட்கிய சாண எருவும் மண்ணும், மேலே ஊறவைத்த பயறு ஒரு கைப்பிடி, அதன் மேல் மெல்லிய மண். ஒன்றை ஜன்னலில் வையுங்கள், மற்றொன்றைப் பெரிய பாத்திரம் கவிழ்த்து மூடுங்கள். இரண்டுக்கும் தண்ணீர் ஒரே அளவு. ஒரு வாரத்தில் இருட்டில் இருந்தது அதிக உயரமாகவும் வெளிறியும், வெளிச்சத்தில் இருந்தது குட்டையாகவும் பச்சையாகவும் இருக்கும். உயரமானதுதான் நன்றாக வளர்ந்தது என்று பிள்ளை சொல்லும். ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டின் தண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எது துவள்கிறது என்று. வெளிறியதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு நாளில் பச்சை ஏறிவிடும். பாத்திரத்தைத் தினமும் பத்துத் தடவை திறந்து பார்த்தால் அது இருட்டு ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம், என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியில் புழு

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் தளிரில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் முட்டை வைக்கும், எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். முட்டை கடுகைவிடச் சின்னது, வெளிர் மஞ்சள், உருண்டை, தனித்தனியாக ஒட்டியிருக்கும். பொரிந்து வரும் புழு பழுப்பும் கறுப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டோடு, அசல் பறவை எச்சம் மாதிரியே இலை மேல் கிடக்கும். செடியில் இலை ஓரம் ஓரமாகக் கடிபட்டிருந்தால் தின்ற இடத்துக்குப் பக்கத்து இலைகளின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நாலு தடவை தோல் உரித்த பிறகு அது பச்சைப் புழுவாகிவிடும், சுண்டுவிரல் பருமன் வரும். அப்போது தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டால் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரட்டைக் கொம்பு வெளியே நீண்டு, காட்டமான வாடை அடிக்கும். எதிரியை விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் அது. ஒரு தடவை பார்த்தால் போதும், சும்மா சும்மா சீண்டக் கூடாது.

செடி பெரிதாக இருந்தால் புழுவைச் செடியிலேயே விட்டுப் பார்ப்பது உத்தமம். ஆனால் அப்படி விட்டால் குருவியும் குளவியும் தூக்கிப் போவது அதிகம். முழு மாற்றத்தையும் பிள்ளை பார்க்க வேண்டுமானால் ஒன்றிரண்டை உள்ளே வளர்க்கலாம். டப்பா ஒரு சாண் உயரமும் ஒரு சாண் அகலமுமாவது இருக்கவேண்டும். மூடி போடாதீர்கள். மூடியில் ஓட்டை போட்டாலும் இலையின் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். கொசுவலைத் துணியை வாயில் போர்த்தி ரப்பர் பேண்டு போடுங்கள். அடியில் தினத்தாள். எச்சம் தினமும் சேரும், தினமும் தாளை மாற்றவேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் நாறும், புழுவுக்கு நோய் வரும். புழுவை விரலால் பிடித்து மாற்றாதீர்கள், அது இருக்கும் இலையோடு கத்தரித்து எடுத்துப் புதுக் கிளை மேல் வையுங்கள். ஒரு நாள் பூராவும் அசையாமல் இருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம், தொடக் கூடாது.

இலை வாடாமலிருக்கக் கிளையை மருந்துப் பாட்டில் தண்ணீரில் நிறுத்தலாம். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துவிடும். இது அடிக்கடி நடப்பது. அதைவிட முக்கியம், சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே கூடாது. பூச்சி மருந்து அடித்த இலையாக இருந்தால் காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் புழுவைக் கொன்றுவிடும். வீட்டுச் செடியில் இலை போதுமா என்று பார்த்துவிட்டு வளர்க்கத் தொடங்குங்கள். கடைசிப் பருவத்துப் புழு தின்னும் வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கொத்து பத்தாது. ஒரு டப்பாவுக்கு இரண்டு புழு, அதற்கு மேல் வேண்டாம்.

கூட்டுப்புழுவாகும் நேரம் நெருங்கினால் புழு சாப்பாட்டை நிறுத்தும், வழக்கமான கெட்டி எச்சத்துக்குப் பதிலாக ஈரமாக ஒன்று போடும், டப்பா முழுக்க அலையும். இப்போது விரல் பருமனில் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்வாக உள்ளே வையுங்கள். பிடித்த இடத்தில் பட்டு நூல் திண்டு ஒன்று வைத்து, வால் முனையை அதில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு, பனையேறி கயிற்றில் சாய்ந்து நிற்பது போலச் சாய்ந்து நிற்கும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். கூட்டின் நிறம் பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். ஒட்டிய இடத்தைப் பொறுத்து மாறும். ஒன்றரை வாரம் போல அப்படியே இருக்கும். அதற்குத் தண்ணீரும் வேண்டாம், இலையும் வேண்டாம், தொந்தரவு மட்டும் இருக்கக் கூடாது.

கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் வெளியே வரும். அநேகமாகக் காலையில். வெளியே வந்ததும் இறக்கை கசங்கிய துணியாகத்தான் இருக்கும். அது ஏறித் தொங்க நான்கைந்து அங்குல இடம் வேண்டும், தொங்கினால்தான் இறக்கைக்குள் நீர் இறங்கி விரியும். குறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் டப்பா அளவை முன்பே அழுத்திச் சொன்னோம். அந்த நேரம் அது பழுப்புச் சிவப்பாகச் சில சொட்டு விடும். ரத்தம் என்று பிள்ளை பயப்படும். கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது என்று சொல்லிவிடுங்கள். இறக்கை காய இரண்டு மணி நேரமாவது ஆகும். அன்றைக்கே வெயிலில், பூ இருக்கும் இடமாகப் பார்த்து விட்டுவிட வேண்டும். மழை பெய்தால் மட்டும் மறுநாள்.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. சின்னதாக ஓட்டை விழுந்து குட்டிக் குளவிகள் வரும். தாய்க் குளவி வைத்த முட்டையிலிருந்து கூட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அவை. புழு கறுத்துத் துவண்டு சாவதும் உண்டு, அப்போது இலை, தாள் எல்லாவற்றையும் எறிந்து டப்பாவை வெந்நீரில் கழுவவேண்டும். இதைப் பிள்ளையிடம் மறைத்து, பறந்துபோய்விட்டது என்று பொய் சொல்ல வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், அழுதால் அழட்டும்.

எருக்கஞ்செடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியுடையது. அழகான புழு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும், ஆகவே அதை இருந்த இடத்திலேயே பார்ப்பதோடு சரி, கிளையை ஒடிக்கக் கூடாது. உடம்பில் மயிர் உள்ள எந்தப் புழுவையும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகவே இருக்கட்டும். முருங்கை மரத்தில் கூட்டமாக ஏறும் கம்பளிப்பூச்சி பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

கோலத்தில் எறும்பு

வாசலில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு சின்னக் கோலம். ஒன்று வீட்டில் அரைத்த பச்சரிசி மாவில், மற்றொன்று கடையில் விற்கும் வெள்ளைக் கல்மாவில். காலையில் போட்டுவிட்டு எது முதலில் குறையும் என்று கேளுங்கள். அரிசி மாவுக்கு எறும்பு வரும், இடம் வாய்த்தால் குருவியும் அணிலும் வரும். கல்மாவை ஒன்றும் சீண்டாது. வாசலை ஃபினாயில் ஊற்றிக் கழுவிய நாளில் இது நடக்காது.

எறும்பு வரிசை கிடைத்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் நான்கு இலைத் துண்டு வையுங்கள். ஒன்றில் வெல்லம், ஒன்றில் தேங்காய்த் துருவல், ஒன்றில் சோறு, ஒன்றில் உப்பு, எல்லாம் ஒரு சிட்டிகை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் எண்ணுவது பிள்ளையின் வேலை. எந்த எறும்பு எதைத் தேடும் என்பது இனத்துக்கு இனம் மாறும், அதனால் உங்கள் வீட்டு விடையும் பக்கத்து வீட்டு விடையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. உப்பு மட்டும் அநேகமாக அப்படியே கிடக்கும். அடுத்து, வரிசைக்குக் குறுக்கே ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். அந்தக் கோட்டுக்கு வந்ததும் எறும்புகள் தடுமாறி நிற்கும், இப்படியும் அப்படியும் தேடும், சில நிமிஷத்தில் ஒன்று தாண்டிவிடும், அப்புறம் மற்றவையும். தரையில் அவை போட்டு வைத்த வாசனைத் தடத்தைத்தான் நாம் அழித்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை அங்கே இருந்தது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் இடம் இது. அவசரப்பட்டு வாசனை என்று சொல்லிவிடாதீர்கள். "ஏன் நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

சிவப்பு எறும்பும் கட்டெறும்பும் கடிக்கும், அந்த வரிசை என்றால் வேறு இடம் பாருங்கள். எறும்பு மருந்துச் சாக்பீஸ் வீட்டில் இருந்தால் இந்த விளையாட்டுக்கு முன்னால் அதை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பிள்ளைக்கு அதுவும் எழுதுகிற சாக்பீஸும் ஒன்றுதான்.

நிறம் மாறும் தண்ணீர்

ஆரத்தி ஏன் சிவப்பாகிறது? அரை டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு மிளகளவு போட்டால் சிவக்கும். அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது, பெரியவர்தான் போடவேண்டும். பிள்ளை கையால் செய்யச் சோப்புக் கரைசல் போதும், அதிலும் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியைச் சோப்புப் போட்டால் முதலில் சிவப்பாவது இதனால்தான்.

சங்குப்பூ கிடைத்தால் இன்னும் நல்லது. ஆறேழு பூவின் இதழை மட்டும் கிள்ளி அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டால் நீலச் சாறு இறங்கும். மூன்று சின்னக் கிண்ணத்தில் பிரித்து ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு கலந்து வரும். ஒன்றில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை கலந்த நீலம். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே இருக்கட்டும். செம்பருத்தியிலும் செய்யலாம், பச்சைப் புல்லிவட்டத்தைச் சேர்த்துப் போட்டால் சாறு கலங்கும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல ஊரில் உப்பும் சுண்ணமும் நிறைந்தது, அதில் போட்டால் தொடக்கத்திலேயே நிறம் மாறிவிடும். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புளிக்கரைசல், மோர், சாம்பல் தண்ணீர் என்று பிள்ளையே ஒவ்வொன்றாகக் கொண்டுவரும், கொண்டுவரட்டும்.

பூ இருக்கும் வீடுகளில் டேபிள் ரோஸையும் அந்திமந்தாரையையும் பக்கத்தில் வைத்தால் மணி பார்க்கத் தெரியாத பிள்ளையும் நேரம் சொல்லும். ஒன்று வெயில் ஏறினால் விரியும், மற்றொன்று சாயங்காலம். மேகம் மூடிய நாளில் டேபிள் ரோஸ் சரியாக விரியாது. டேபிள் ரோஸ் தண்டை மூன்று அங்குலம் கிள்ளி ஈர மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். ரணகள்ளி இலையை ஈர மண்ணில் படுக்க வைத்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அதன் ஓரத்துப் பற்களிலிருந்து குட்டிச் செடிகள் வரும்.

நிழல், மழை, பறவை

மொட்டை மாடியில் ஒரு முழக் குச்சியை மண் நிரப்பிய டப்பாவில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைக்கலாம். வருஷத்தில் இரண்டு நாள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் உச்சிவேளையில் செங்குத்துப் பொருளின் நிழல் பக்கவாட்டில் விழாது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி வரும். தெற்கே போகப் போக ஏப்ரல் தேதி முந்தும், ஆகஸ்ட் தேதி பிந்தும். கன்னியாகுமரியில் முதலாவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாற்றம்தான், சென்னையில் அது ஏப்ரலில் ஏழெட்டு நிமிஷம் கழித்து, ஆகஸ்டில் பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷம் கழித்து. டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், சுற்றிலும் நிழலே இருக்காது.

மழைமானிக்கு நேரான சுவருள்ள இரண்டு லிட்டர் பாட்டில் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய குளிர்பான பாட்டில் உதவாது, அளவு தப்பும். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போலச் செருகி, அடியில் காற்றுக்கு விழாமலிருக்கக் கூழாங்கல் போட்டு, அடிப்பகுதியின் வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைச் சுழி என்று குறியுங்கள். அதற்கு மேல் மில்லிமீட்டர் அளவுகோல் தாளை ஒட்டவேண்டும். மரத்தடி, சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் ஓரம் கூடாது. வானிலைத் துறை காலை 8.30க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் அளந்தால் மறுநாள் செய்தித்தாளில் வரும் உங்கள் ஊர் அளவோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏழு எட்டு வயதுப் பிள்ளையால் தன் வீட்டு மாடியில் எத்தனை குடம் விழுந்தது என்று போட்டுப் பார்க்க முடியும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்குத் தோதான காலம். அளந்ததும் தண்ணீரை மறுபடி சுழிக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

பறவைக்குத் தண்ணீர் வைக்க அகலமான மண்சட்டி. ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் இருந்தால் சின்னக் குருவியும் உட்கார்ந்து குடிக்கும். பிளாஸ்டிக் தட்டு வழுக்கும், வெயிலில் சுடும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றவேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசு உற்பத்தியாகிவிடும். வைத்த அன்றே எதுவும் வராது, இடத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் காகம், பிறகு மைனா, தவிட்டுக்குருவி. தினம் பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வந்தது என்ன, எத்தனை என்று கோடு போட்டு எண்ணப் பழகிய பிள்ளை, ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்களோடு உட்கார்ந்துகொள்ளலாம். கறுப்புக் குயிலும் புள்ளிக் குயிலும் வேறு வேறு பறவை என்று முதலில் எழுதும். ஆணும் பெண்ணும் என்பது அவை ஜோடியாக வரும் ஒரு நாளில் தெரியட்டும்.

நோட்டும் சில எச்சரிக்கையும்

எழுதத் தெரியாத பிள்ளைக்கு நோட்டு என்றால் படம் மட்டும்தான். கோடு போடாத நோட்டு, தேதியைப் பெரியவர் எழுதவேண்டும், பிள்ளை வரையும், பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே கீழே எழுதவேண்டும். 'புழு தலைகீழா தூங்குது' என்று சொன்னால் அப்படியே. அழகாக வரை, நிறம் கோட்டுக்கு வெளியே போகுது என்றெல்லாம் ஆரம்பித்தால் பத்தாம் பக்கத்தோடு நோட்டு நின்றுவிடும். அரச இலை, பலா இலை, கொய்யா இலையை நரம்புள்ள அடிப்பக்கம் மேலே வரும்படி தாளுக்கடியில் வைத்து மெழுகுக் கிரயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலையின் நரம்பு முழுக்க விழும். தளிர் இலை நசுங்கிவிடும், முற்றின இலை வேண்டும். அரச இலையையே தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, நான்கு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, சதை கூழானதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்ல ஒற்றி எடுத்தால் வலை மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். நாற்றம் அடிக்கும், வெளியில் வையுங்கள். தேய்த்தால் கிழியும், ஒற்றத்தான் வேண்டும்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பயறை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். ஈரத்தில் அது உப்பும், எடுப்பது கஷ்டமாகும். தண்ணீர் விட்டு எடுக்கப் பார்க்காமல் நேரே மருத்துவரிடம் போகவேண்டும். அவர்கள் விதையோடு இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதென்று குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் விளையாடக் கொடுக்காதீர்கள். மென்றுவிட்டால் உயிருக்கு ஆபத்து. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மண்ணையே தொடாதே என்று சொல்லிவிட்டால் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது.